பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பித்தளை



சென்ற பொதுக்குழுவில் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்வதென்று முடிவானது உங்களுக்குத் தெரியும். கால் உடைந்த ஈசிசேர், மர்பி ரேடியோவின் வெறும் கூடு, இரண்டு டிரங்குப் பெட்டி, யாருடையது என்று தெரியாத ஒரு மர ஜன்னல், ஒரு ஆட்டுக்கல் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ஆட்டுக்கல் என்னுடையது. பழைய இரும்புக்காரரை வரச் சொல்வதற்குள் இந்த இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதியர் காபிக்குக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் ஹாலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய வாசக்கதவைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு, டீப்பாய் ஆக்கியிருக்கிறார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு எரிகிறது. மூலையில் ஒரு பித்தளை அண்டா, அதில் மணிபிளான்ட். "எல்லாம் பழைய சாமான் அங்கிள், ஆன்லைன்ல தேடித் தேடி வாங்கினோம்" என்றாள் அந்தப் பெண். அழகாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் செக்கின் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்த கண் எனக்கு. எங்கே எழுத்தைக் கண்டாலும் குனிந்து படித்துவிடும். அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக உளி வைத்து வெட்டிய எழுத்து. இரண்டு இனிஷியல் தெரிந்தது. பெயர் தேய்ந்துவிட்டது. ஊர்ப் பெயரில் 'பட்டி' என்ற கடைசி மட்டும் மிச்சம். யாரோ ஒரு பெண்ணுக்கு அவள் அம்மா வீட்டார் கொடுத்த சீர்.

"இது யாரு அங்கிள்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இந்த மாதிரி சாமான்கள் எப்படி வீட்டை விட்டு வெளியே போயின, எப்படித் திரும்ப ஹாலுக்கு வந்தன என்ற கதை கொஞ்சம் தெரியும். ஒரு பகுதி நானே செய்தது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி, மோர் பட்டால் களிம்பு ஏறிவிடும். அதனால் உள்பக்கம் ஈயம் பூசியே ஆக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஈயம் பூசுகிறவர் வருவார். தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரி மூட்டுவார். பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவி, ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பழந்துணியால் சுழற்றித் துடைப்பார். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். அது அடங்கும்போது பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும். சின்னப் பையன்கள் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நிற்போம்.

எவர்சில்வர் வந்தது. அதற்கு ஈயம் வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். 1970-இல் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியபோது, எவர்சில்வர் என்பது நம் பக்கத்து ஊர்ச் சரக்கு என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. ஈயம் பூசுகிறவருக்கு வேலை குறைந்தது. அவர் வருவது நின்றதும் பித்தளைப் பாத்திரத்தில் சமைக்க முடியாமல் போயிற்று. அது பரணுக்கு ஏறியது. நாம்தான் மனம் மாறிப் பழசை வெறுத்தோம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளைப் பராமரிக்கிற ஆள் இல்லாமல் போனால் அந்தப் பொருளும் போய்விடும். அவ்வளவுதான்.

பரணில் ஏறியதை இறக்க மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் பழைய துணிக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்த பாத்திரக்காரர். ஜரிகைப் புடவைக்கு மட்டும் அவர் கண் அகலமாகும். இரண்டாவது ஆள் ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர். இன்றைக்கும் ஓடாத வண்டியைப் பார்த்தால் பேரீச்சம்பழத்துக்குப் போடு என்கிறோமே, அது அவர் கொடுத்த சொல். மூன்றாவது ஆள் தராசோடு வந்து ரொக்கம் கொடுத்தவர். அவரிடம்தான் நான் போனேன்.

1987. ஊரில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்ட வருஷம். மேலே இருந்தவை மங்களூர் ஓடுகள். 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஒருவர் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. ஓட்டைப் பக்கத்து ஊர்க்காரர் மாட்டுக்கொட்டகைக்கு வாங்கிக்கொண்டார். கதவு நிலையை ஒரு ஆசாரி எடுத்துக்கொண்டார். பித்தளையை நான் எடை போட்டேன்: அண்டா ஒன்று, தவலை இரண்டு, குடம் மூன்று. வந்த பணத்தை நோட்டில் வரவு எழுதினேன். சிமெண்டுக்குச் சரியாகப் போயிற்று. அம்மா தடுக்கவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒன்று மட்டும் கேட்டாள். "ஏங்கண்ணு, எங்கம்மா பேரு அதுல இருந்துச்சே, அதையும் சேத்தா எடை போட்டாங்க?"

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். வாங்கிய விலையில் வருஷா வருஷம் கொஞ்சம் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மேஜையும் நாற்காலியும் லெட்ஜரில் 1 ரூபாய் என்று நிற்கும். பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அந்த 1 ரூபாய். எங்கள் அண்டாவுக்கு அந்த 1 ரூபாயைக்கூட நான் விட்டு வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன அளவில். இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் காரைக்குடிக்குப் போக வேண்டும். மூன்றாவது மாடி ஹாலில் கிடக்கிற அந்தக் கதவும் அந்த வழியாக வந்ததாகத்தான் அவர்களிடம் சொல்லி விற்றிருக்கிறார்கள். 1982-இல் எனக்கு முதல் போஸ்டிங் அந்தப் பக்கம்தான். நல்லம்பள்ளியில் மண்சுவரும் ஓடும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். முகப்பில் ஒரே மரத்தில் கடைந்த தேக்குத் தூண்கள். சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. கை வைத்தால் வழுக்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை வங்கிக்காரன் சொல்லாமல் விட முடியாது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்கு முதல் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சேற்றில் நிற்கிறவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. நகரத்தார் கொடுத்தார்கள். பர்மாவிலும், இலங்கையிலும், மலாயாவிலும், சைகோனிலும் அவர்கள் பெட்டகம் திறந்தது. திரும்பி வந்த கப்பலில் பர்மாத் தேக்கு வந்தது. இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல், இங்கிலாந்து இரும்பு உத்தரம் எல்லாம் அவரவர் வசதிக்கு ஏற்ப வந்தன. கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரண்மனை 1912-இல் எழுந்தது. அதைக் கட்டிய அண்ணாமலைச் செட்டியார்தான் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வைத்தவர். 1907-இல் இந்தியன் வங்கி தொடங்கியதிலும் நகரத்தார் பங்கு உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தது: சென்னை, காரைக்குடி, ரங்கூன். டெல்லியும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. பணம் எந்தத் தடத்தில் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அதே தடம்தான் வீழ்ச்சிக்கும் வழி. 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தம் வந்து அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் கை நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆயிற்று. கணக்குப் புத்தகத்தில் இது சொத்து. ஆனால் எங்கள் பாஷையில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். அவர்களுக்கு வேண்டியது ரொக்கம், வந்ததோ வயல். நிலம் இழந்தவன் வயிறெரிந்தான், அந்தக் கோபமும் பின்னால் அரசியலாயிற்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். பலர் நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர் ஏராளம். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் வங்கிகளும் போயின.

வீடு மட்டும் நின்றது. அதைக் கட்டியவருக்கு ஒரு வீடு, பேரன் காலத்தில் அதற்கு இருபது முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கூரையில் ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது? மழை முதலில் ஓட்டுக்குள் இறங்கும், பிறகு உத்தரத்துக்குள். கடைசியில் பங்கு பிரிக்க வழியில்லாமல் வீட்டையே பிரித்தார்கள். முழு வீட்டைக் கூறு போட முடியாது, தூணைக் கூறு போடலாம். நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு வீடு இறங்கியதைப் பார்த்தேன். இடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், இறக்கினார்கள். ஒவ்வொரு தூணுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். வேலையாட்கள் பேசவே இல்லை. சாவு வீட்டில் பந்தல் பிரிக்கிற மாதிரி இருந்தது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் அந்த வீடுகளின் உள்ளுறுப்புகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். கதவு, நிலை, தூண், மரப்பெட்டி, ரவிவர்மா அச்சுப் படம், பல்லாங்குழி, சுவீடனிலும் ஜப்பானிலும் செய்த இனாமல் தூக்குச் சட்டிகள். அங்கே மங்குச் சாமான் என்பார்கள். சீருக்கென்று டஜன் கணக்கில் வாங்கி, ஒருமுறைகூட அடுப்பில் ஏறாமல் வைத்திருந்தவை பல. வாங்குகிறவர்கள் நட்சத்திர ஓட்டல்காரர்கள், சினிமா செட் போடுகிறவர்கள், பெங்களூரில் பங்களா கட்டுகிறவர்கள், இப்போது நம்மைப் போல ஃபிளாட்காரர்களும். தூணின் உயரம் நம் கூரைக்கு ஒத்து வராது. அதனால் அறுத்து வைக்கிறார்கள். கால் வேறு, தலை வேறாக விளக்குத் தண்டு ஆகிவிட்ட தூண்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமாதானம் வருவதில்லை. கதவை மேஜையாக்கினால் அது நாளைக்கு மறுபடி கதவாகலாம். அறுத்த தூண் தூணாகாது.

அந்தக் காலத்திலேயே இதைப் பார்த்துப் பதறியவர் ஒருவர் உண்டு. டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர். வீடுகள் பிரிந்து போவதைப் பார்த்தபின், பிரிக்கத்தான் போகிறீர்கள் என்றால் முழுதாக எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கத் தொடங்கினார். 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உண்டாயிற்று. 1996 டிசம்பர் 14 அன்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே நிற்கிறது. இருந்த ஊரில் பிரித்து, எடுத்துவந்து, ஸ்தபதிகளையும் ஆசாரிகளையும் வைத்து மறுபடி பூட்டியது. பேரக்குழந்தைகளோடு சென்னை போகிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த வீட்டு வளவில் உட்கார்ந்தால் ஒரு விஷயம் புரியும். தூண் அழகாக இருப்பது தூணால் மட்டும் அல்ல, மேலே இருக்கிற வானத்தாலும்தான்.

தட்சிணசித்ராவை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்தவர். காந்தியை முன்பே சந்தித்திருந்தவர், 1945-இல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களுக்காக இந்தியா வந்து, இங்கேயே தங்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வீடுகளில் சுவருக்குள் பழைய பாட்டில்களைப் பதித்து வெளிச்சம் வரவழைத்திருப்பார். உடைந்த டைல் துண்டுகளைத் தரையில் பதிப்பார். கான்கிரீட் தளத்தில் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓட்டை வைத்து அந்த அளவுக்கு சிமெண்டை மிச்சம் பிடிப்பார். 1987-இல் எனக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் ஓடு மாட்டுக்கொட்டகைக்குப் போயிருக்காது. பேக்கருக்கு 1990-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2007-இல் மறைந்தார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். புது நகரம் எழுப்புவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தபோது கிடைத்த உடைசல்களை, 1950களின் கடைசியிலிருந்து சைக்கிளில் கட்டி எடுத்துப்போய், அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் அடுக்கி வந்தார். உடைந்த வளையல், பீங்கான் கழிப்பறைத் துண்டு, பழைய எலெக்ட்ரிக் சாக்கெட் எல்லாம் மனிதர்களாகவும் பறவைகளாகவும் ஆயின. ஆபீஸ் முடிந்தபின் ராத்திரியில் வேலை. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு. 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்காமல், 1976-இல் ராக் கார்டன் என்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அரசாங்கக் கோப்பில் இப்படி ஒரு நல்ல முடிவு எழுதப்பட்டதை நினைத்தால் எனக்கே பென்ஷன் உயர்ந்த மாதிரி இருக்கிறது.

மெட்ராஸிலும் பழைய சாமானுக்கென்று ஒரு அரண்மனை இருந்தது. சென்ட்ரல் பக்கத்துச் சிவப்புக் கட்டடம், மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தது. 1981-இல் வங்கித் தேர்வு எழுதப் போனபோது அங்கே அரை விலைக்கு ஒரு அக்கவுண்டன்சி புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் முந்தையவரின் பெயர் இருந்தது. அதன் கீழே என் பெயரை எழுதினேன். 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்துபோயிற்று. இப்போது அந்த இடத்தில் ரயில்வே கட்டடம். புத்தகம் என்னிடம் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். தருமபுரிச் சீமையில் தேக்குத் தூண் கிடையாது. நமக்குக் கல். கல் கால் நட்டுப் பந்தல், கல் தொட்டி, ஆட்டுக்கல், அம்மி, உரல், செக்கு. பழைய கல் தொட்டியைத் தோட்டத்தில் வைத்து அல்லி வளர்க்கிறார்கள், நல்லது. அம்மியை வாசல் படியாகப் போடுகிறவர்களும் உண்டு. அரைத்த கல்லை மிதிக்க எனக்கு மனம் வராது, ஆனால் அது என் சொந்தக் கருத்து. கல்லென்று வரும்போது எச்சரிக்கை ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நம் மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். ஆநிரை மீட்கும் சண்டையிலும் ஊர்ச் சண்டையிலும் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு நிற்பவையும் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கிற, வில்லோ வாளோ பிடித்த உருவம் செதுக்கிய பலகைக் கல்லைப் பார்த்து, தோட்டத்தில் வைத்தால் அழகாக இருக்குமே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். அது ஒருவருடைய சாவுச் செய்தி. தாசில்தார் அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ தகவல் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இல் நிறைவேறி 1976-இல் நடைமுறைக்கு வந்தது. 100 வயதான சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 வயது போதும். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் 100 வயது தாண்டினால் இந்தச் சட்டத்தின் கணக்கில் வரும். 1912-இல் நட்ட தூண் 2012-இலேயே அந்த வயதை எட்டிவிட்டது. வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் தொல்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, கற்சிலை, உலோகச் சிலை, மரச் சிற்பம், ஓவியம் மாதிரி சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவிலுள்ள மகனுக்குப் பார்சல் கட்ட நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். வாங்கும்போது பில் கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

பழசென்று சொல்லிப் புதுசை விற்பதும் நடக்கிறது. இப்போது வார்த்து, ரசாயனம் தடவிக் கறுக்க வைத்த பித்தளை நிறைய வருகிறது. நிஜமான பழம்பாத்திரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுத்திருக்காது. கை பிடித்த விளிம்பு தேய்ந்திருக்கும், அடிப்பக்கம் அடுப்பில் ஏறி நெளிந்திருக்கும், உள்ளே எங்காவது ஈயத்தின் வெள்ளைத் திட்டு தெரியும். தட்டு பட்டு ஒட்டுப் போட்ட தடம் இருந்தால் இன்னும் நம்பலாம். அப்படிப்பட்டதை வாங்கினால் ஆசிட் போட்டு மினுக்காதீர்கள். புளியும் சாம்பலும் போதும், எழுத்து இருக்கிற இடத்தில் அதையும் மெதுவாக. ஈயம் போன பாத்திரத்தில் ஊறுகாய் போடவோ மோர் ஊற்றவோ கூடாது, செடிக்குத்தான் அது. மரச் சாமானை வீட்டுக்குள் கொண்டுவருமுன் இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது, நம் வீட்டுக் கட்டிலுக்கும் ஏறிவிடும். பழைய பெயிண்டைக் குழந்தைகள் பக்கத்தில் வைத்துச் சுரண்ட வேண்டாம். அதில் ஈயச் சத்து இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாமே விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பி பிளாக்கில் ஒரு பாட்டி, கிழிந்த வேட்டிகளையும் மருமகளின் பழைய சேலைகளையும் சேர்த்துத் தைத்த போர்வையை சோபா மேல் போட்டிருக்கிறார். எந்தத் துண்டு யாருடைய கல்யாணத்தில் கட்டியது என்று விரலை வைத்துச் சொல்லுவார். விலைக்கு வாங்கிய அண்டாவில் இல்லாதது அதுதான். மூன்றாவது மாடிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் சாக்பீஸ் தூளை அண்டாக் கழுத்தில் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, போட்டோ எடுத்து அனுப்பினாள். 'பட்டி'க்கு முன்னால் இன்னும் இரண்டு எழுத்து தெரிகிறது. 'ரெட்டி'யா 'செட்டி'யா என்று எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். பெரியவர்கள் பார்த்துச் சொல்லவும்.

இனி ஸ்டோர் ரூம் விஷயம். வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை 9 மணிக்குக் கதவைத் திறக்கிறோம். பழைய இரும்புக்காரர் 12 மணிக்குத்தான் வருவார், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற 3 மணி நேரம் நமக்கு. நான் ஒரு நீளமான நோட்டோடு அங்கே உட்கார்ந்திருப்பேன். பொருள், யாருடையது, எந்த ஊர், யார் கொடுத்தது என்று 4 பத்தி போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பொருளைக் காட்டிச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க ஆள் இல்லாதது எடைக்குப் போகும். பணம் சங்கக் கணக்கில் வரவு. ஆனால் நோட்டில் எழுதாமல் எதுவும் தராசில் ஏறாது. அந்த மர ஜன்னல் யாருடையது என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி.

முதல் பதிவை எழுதிவிட்டேன். ஆட்டுக்கல், ஒன்று. அம்மாவுடையது. எங்கள் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. 1987-இல் எடைக்குப் போடாததற்குக் காரணம், கல்லை அவர் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். ஏ பிளாக் படிக்கட்டுக்குக் கீழே வைத்து மண் நிரப்பித் துளசி வைக்க உத்தேசம், சங்கம் அனுமதித்தால். குழவியைத்தான் காணோம். யார் வீட்டிலாவது கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.